எலுமிச்சை இல்லீங்க, லிண்டன்: ஐரோப்பாவின் ஊர் நடு மரம் பற்றி ஒரு விவாத இழை

வயல்வெளி

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் ஒரு கட்டுரை சுற்றிக்கொண்டிருந்தது. "ஜெர்மன் கிராமங்களில் எலுமிச்சை மரத்தடியில் ஊர் கூடும். எலுமிச்சைப் பூவைப் போட்டுக் குடித்தால் காய்ச்சல் இறங்கும்" என்று எழுதியிருந்தார்கள். அம்மா உடனே ஃபோன் போட்டு, "அந்தக் குளிர்ல எலுமிச்சை எப்படிம்மா வளருது?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லையில் எலுமிச்சை வைத்து வளர்த்தவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? வளராது. அது எலுமிச்சையே இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த மரத்தையும் லைம் என்கிறார்கள், சின்ன எலுமிச்சையையும் லைம் என்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மரத்துக்குப் பழைய பெயர் லிண்ட். நாளடைவில் மருவி லைம் என்று வந்து நின்றது. ஜெர்மனில் இன்றும் லிண்டே. தாவரவியலில் டிலியா. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் போட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லால் படிக்கிறவர் மனசில் ஒரு முள்ளுச்செடி வந்து நிற்கிறது. உண்மையில் நிற்பது மூன்று மாடி உயரத்துக்கு, பத்துப் பேர் சுற்றி உட்காரக்கூடிய மரம்.

நான் இருப்பது பவேரியாவின் வடக்கில், ஓபர்ஃபிராங்கன் பகுதியில் ஒரு சின்ன ஊர். வந்து 11 வருஷம் ஆகிறது. தேவாலய வாசலுக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர் லிண்டன் நிற்கிறது. அடிமரத்தைச் சுற்றி வட்டமாக மரப்பலகை பெஞ்சு. பஸ் அங்கேதான் நிற்கும். அறிவிப்புப் பலகை அங்கேதான். யாராவது இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாளும் அந்தப் பலகையில்தான் வரும். முதல் இரண்டு வருஷம் என்னோடு யாரும் அதிகம் பேசியதில்லை. பஸ்ஸுக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்த நாட்களில்தான் பேச்சு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், இப்போது 80 தாண்டிவிட்டது, என் மகளுக்குச் சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தபோது ஒரு காகிதப் பையைக் கதவில் தொங்கவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் வெளிர் பச்சையில் காய்ந்த பூக்கள். வைக்கோலும் தேனும் கலந்த மாதிரி வாசனை. அதுதான் இந்த மரத்தின் பூ.

இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு வாரம் முன்பு அடித்த சூறைக்காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து பெஞ்சின் மேல் விழுந்தது. நடு ராத்திரி என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. உள்ளே மரம் கூடாகிவிட்டது என்று வெட்டப் பேசுகிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. பழைய லிண்டன்களைப் பார்த்தவர்கள், பராமரிப்பு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கரிசல்காடு

அக்கா, நான் கோவில்பட்டிப் பக்கம். ஐரோப்பா பார்த்ததில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் எங்க ஊர் ஆலமரத்தடிதான் கண்ணில் வந்தது. பஸ் நிறுத்தமும் அதுதான், பஞ்சாயத்தும் அதுதான். இந்த லிண்டனுக்குத் தமிழில் பெயரே இல்லையா? நம்ம ஊர் மரம் எதற்காவது இது சொந்தமா?

இலைநரம்பு

சொந்தம் உண்டு. நெருக்கமான சொந்தமும் கூட. நான் கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறேன், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது.

பழைய பாடப்புத்தகங்களில் லிண்டனுக்கென்று டிலியேசி என்று தனிக் குடும்பம் இருக்கும். இப்போது அதைச் செம்பருத்திக் குடும்பமான மால்வேசியோடு சேர்த்துவிட்டார்கள். அப்படியானால் லிண்டனின் பங்காளிகள் யார்? பருத்தி, வெண்டை, செம்பருத்தி, இலவம், சணல், நம்ம பூவரசு. கரிசல்காடு தம்பி, உங்கள் ஊர்ப் பருத்திக் காட்டுக்கும் அந்த பவேரிய மரத்துக்கும் ஒரே குடும்பப் பெயர்.

படம் கிடைத்தால் லிண்டன் இலையையும் பூவரசு இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் இதய வடிவம். பூவரசு வழவழப்பாக, விளிம்பு நேராக இருக்கும். லிண்டனின் விளிம்பில் ரம்பப் பல் இருக்கும், காம்புப் பக்கம் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருக்கும். இலையைத் திருப்பினால் நரம்பு பிரிகிற கவட்டில் குட்டி முடிக்கற்றை தெரியும். அது செம்பழுப்பாக இருந்தால் சிற்றிலை லிண்டன், வெள்ளையாக இருந்தால் பேரிலை லிண்டன். ஊர் மரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்த வகை.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சடச்சி என்று ஒரு மரம் உண்டு. அதன் தாவரப் பெயர் கிரூவியா டிலிஃபோலியா, அதாவது 'லிண்டன் இலை கொண்டது'. பெயர் வைத்த ஐரோப்பியருக்கு நம் காட்டில் அந்த இலையைப் பார்த்ததும் தன் ஊர் மரம் ஞாபகம் வந்திருக்கிறது. சடச்சிப் பட்டையில் நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். லிண்டன் பட்டையிலும் அதே வேலை நடந்திருக்கிறது. ரஷ்ய விவசாயிகள் அந்த நாரில் செருப்பே பின்னிப் போட்டார்கள். நார் இந்தக் குடும்பத்துச் சொத்து.

கரிசல்காடு

சார், சடச்சி எங்க தாத்தா வாயில் கேட்ட பெயர். இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. இந்தப் பதிவை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மருந்துமணம்

நான் ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடையில் 14 வருஷமாக வேலை செய்கிறேன். 'காய்ச்சல் இறங்கும்' என்கிற வரியைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம்.

மருந்தாவது பூவும், பூங்கொத்தோடு ஒட்டிய அந்த நாக்குப் போன்ற வெளிர் இலையும். ஜூன், ஜூலையில் பூக்கும். பூ விரிந்த முதல் சில நாட்களுக்குள் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வாசனையும் போய்விடும், நிறமும் செத்துவிடும். ஒரு கோப்பைக்கு சுமார் ஒன்றரை கிராம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குடிப்பது. அடுப்பில் வைத்துக் கஷாயம் மாதிரிச் சுண்டவைக்க வேண்டாம், மணம் தருகிற எண்ணெய் ஆவியாகப் போய்விடும்.

பூவில் ஃபிளேவனாய்டுகள் என்கிற தாவரச் சேர்மங்கள், மணமுள்ள எண்ணெய், வழவழப்பான பசை மூன்றும் இருக்கின்றன. அந்தப் பசை தொண்டையில் பூச்சு மாதிரிப் படிந்து வறட்டு எரிச்சலைத் தணிக்கும். இலைநரம்பு ஐயா வெண்டைக்காயைச் சொன்னாரே, அதே வழவழப்புதான். வசந்தத்தில் வருகிற இளந்தளிரைச் சிலர் சாலடில் போடுவார்கள். வாயில் வைத்தால் அப்படியே வெண்டைக்காய்.

ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு லிண்டன் பூவை இரண்டு விஷயத்துக்கு ஏற்கிறது: சாதாரண ஜலதோஷத் தொந்தரவுகள், லேசான மன அழுத்தம். அதையும் 'மரபுப் பயன்பாடு' என்ற வகையில்தான். தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்திருக்கிறார்கள், கெடுதல் தெரியவில்லை என்பதே அடிப்படை. பெரிய மருத்துவச் சோதனைகளில் நிரூபித்தது என்று பொருள் இல்லை. குடித்தால் வியர்க்கும், உண்மை. ஆனால் சூடாக இரண்டு கோப்பை வெந்நீர் குடித்துப் போர்த்திப் படுத்தாலும் வியர்க்கும். இதில் பூவின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்று நான் கடையில் நின்று யாருக்கும் அளந்து சொல்ல மாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் நின்று எரிந்தால் மருத்துவரிடம் போங்கள். பூவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் பார்த்த லிண்டனையெல்லாம் பறிக்கவும் கூடாது. இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் ஒரு வகை இருக்கிறது, நகரச் சாலைகளில் நிறைய நடுகிறார்கள். அது மருந்துக்கு ஏற்ற வகையில் சேராது. சாலையோரத் தூசியும் புகையும் படிந்த பூவும் வேண்டாம்.

ஜெர்மனில் வலியைத் தணிப்பதற்கு 'லிண்டர்ன்' என்று ஒரு சொல். கடைக்கு வருகிற வயதானவர்கள் மரத்தின் பெயரையும் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். லிண்டே லிண்டர்ட். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனைக்கோட்டையான்

வயல்வெளி தங்கச்சி, நான் 1986இல இங்க வந்தனான். டோர்ட்முண்டுக்குக் கிட்ட இருக்கிறன். முதல் வருசம் அகதி முகாமில எட்டுப் பேர் ஒரு அறைக்குள்ள. வேலை செய்ய அனுமதி இல்லை. மொழி தெரியாது. முகாமுக்குப் பின்பக்கம் ஒரு பெரிய மரம். ஆனி மாசம் அதுக்குக் கீழ போய் இருந்தால் மேல முழுக்க ஒரே இரைச்சல், தேனீக்கள். என்ன மரம் எண்டு தெரியாமலே நாங்கள் அதுக்குக் கீழ இருந்துதான் ஊரில இருந்து வந்த கடிதங்களை வாசிப்பம். ஒராளுக்கு வந்த கடிதத்தை எல்லாரும் வாசிக்கிறது அப்ப வழக்கம். எங்கட ஊர் வேம்படியை நினைச்சுக்கொண்டு அழுத பெடியன்களும் இருந்தவங்கள். அது லிண்டன் எண்டு எனக்குத் தெரிய வர ஐஞ்சு வருசம் பிடிச்சது.

ஆனால் ஒரு விசயம் கதைக்க வேணும். ஊர் கூடுற மரம் எண்டு சொல்லேக்க எல்லாரும் பாட்டையும் கூத்தையும்தான் நினைக்கிறம். அந்த மரத்துக்குக் கீழ தீர்ப்புச் சொன்னவை, தூக்கிலயும் போட்டவை. ஜெர்மன்காரர் கெரிஷ்ட்ஸ்லிண்டே எண்டு சொல்லுவினம், நீதி மன்ற லிண்டன். மத்திய காலத்தில நீதிமன்றம் வானத்துக்குக் கீழ, வெளியிலதான் கூடும். பழைய பத்திரங்களில 'லிண்டனுக்குக் கீழ வழங்கினது' எண்டு எழுதி முடிச்சிருக்கும். டோர்ட்முண்ட் ரயில் நிலையத்தடியில ஃபெம் லிண்டன் எண்டு ஒரு பேர் பெற்ற மரம் இருந்தது. வெஸ்ட்ஃபாலியாவின்ர ஃபெம் நீதிமன்றம் கூடின இடம் அது. ரகசிய உறுதிமொழி எடுத்தவை உள்ளுக்க, மற்ற ஆக்கள் வெளியில. குற்றம் எண்டு முடிவானால் தண்டனை கயிறுதான். மரம் இப்ப இல்லை. நீதி இருக்கைக்கு அவையள் சொன்ன 'ஃப்ரைஷ்டூல்' எண்ட பேர் மட்டும் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தெருவுக்கு இருக்கு. வேலைக்குப் போகேக்க நான் தினமும் அதைத் தாண்டித்தான் போறனான்.

கரிசல்காடு

அண்ணே, நீங்க சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்க ஆலமரத்தடியும் அப்படித்தான். மேடை உண்டு, பிள்ளையார் உண்டு. அந்த மேடையில் எங்க அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, உட்கார விட்டதில்லை. அவருக்கு அபராதம் போட்டபோதும் கீழே மண்ணில் நின்றுதான் கேட்டார். சங்கப் பாட்டிலேயே மன்ற வேம்பு வருகிறது என்று பள்ளியில் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெருடலாகவும் இருந்தது. மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் ஊருக்குப் போனால் முதலில் அங்கேதான் நிற்பேன். ஆனால் யாருக்கு நிழல் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் மரத்தைப் பற்றி மட்டும் புகழ்ந்து பேச என்னால் முடியாது.

வயல்வெளி

சொல்லத்தான் வேண்டும் தம்பி. இங்கேயும் அந்தக் காலத்தில் தீர்ப்பு கேட்க வந்த பண்ணையாளும் கீழேதான் நின்றிருப்பான். பிரபுவின் ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இப்போது அந்த பெஞ்சில் நான் உட்கார்கிறேன், வேறு நாட்டுக்காரி. பாட்டி நகர்ந்து இடம் கொடுக்கிறார். இது தானாக வந்ததில்லை, யாரோ ஒருவர் முதலில் நகர்ந்திருக்க வேண்டும்.

மரம் உயிரோடு இருக்கவும் அப்படித்தான், யாராவது தொடர்ந்து எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை எஃபெல்ட்ரிஷ் போனேன். ஃபோர்ஷ்ஹைம் பக்கத்தில் இருக்கும் ஊர். கோட்டை மாதிரி மதில் கட்டிய தேவாலயம், அதன் முன்னால் 'ஆயிரமாண்டு லிண்டன்'. ஆயிரம் எல்லாம் இருக்காது என்று மரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், சில நூறு வருஷம் நிச்சயம். உயரமே இல்லை. பந்தல் மாதிரிப் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது. கிளைகளைத் தாங்க சுற்றிலும் மரத்தூண்கள், தூண்களின் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் கிளை. நம்ம ஊரில் அவரைப் பந்தல் போடுவோமே, அதை ஒரு மகாமரத்துக்குப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

அடிமரத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெடித்துப் பிளந்து, முடிச்சு முடிச்சாக, எங்கே பட்டை எங்கே வெற்றிடம் என்றே பிடிபடவில்லை. அந்த முடிச்சுகளிலிருந்து விரல் தடிமனில் புதுக் கொழுந்து கிளம்பி நிற்கிறது. அந்த ஊர் பழமரக் கன்றுகளுக்குப் பெயர் போனது. ஒட்டுக் கட்டுவதற்கு இந்த லிண்டனின் நாரையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கிளையைக் கழித்து நார் எடுக்க எடுக்க மரம் தாழ்ந்து அகலமாகிவிட்டது. அதாவது அந்த அழகான குடை வடிவம் யாரும் அழகுக்காகச் செய்ததில்லை, வேலைக்காக வெட்டி வெட்டி வந்தது. வெட்டினால் கோபிக்காத மரம் லிண்டன். வெட்டின இடத்தில் மறுபடி தழைக்கும்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் நடன லிண்டன்களும் வந்தன. குல்ம்பாஹ் பக்கம் லிம்மர்ஸ்டோர்ஃபில் ஒன்று இருக்கிறது, 1686 வாக்கில் நட்டது. கீழ்க்கிளைகளைச் சின்ன வயதிலிருந்தே வளைத்து, படுக்கையாக வட்டமாகப் பழக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கல்தூண்கள். கிளைகளோடு சேர்த்து மேலே ஒரு பலகைத் தளம். படியேறி மரத்துக்குள் போனால் அங்கே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் திருவிழா, 1729 முதல் நடப்பதாகச் சொல்கிறார்கள். 2014இல் ஜெர்மனி தன் மரபுச் செல்வங்களின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்தது. மூன்று வருஷம் முன்பு நான் போயிருந்தேன். ஊதுகுழல் கோஷ்டி மேலேயே உட்கார்ந்து வாசிக்கிறது. கீழே நின்று பார்த்தால் இலைகளுக்கு நடுவில் பாவாடை விளிம்பும் ஷூக்களும்தான் தெரிகின்றன. பலகை அதிர அதிர தூசியும் காய்ந்த காம்பும் நம் தலையில் கொட்டுகிறது. மகள் ஆடவேண்டும் என்று அடம் பிடித்தாள். உள்ளூர் இளைஞர்களுக்குத்தான் முதல் உரிமை, ஆடுவதற்கு முறை இருக்கிறது. பிறகு ஒரு சுற்று எல்லாரையும் விட்டார்கள். மரத்தின் தோளில் ஏறி ஆடின மாதிரி இருந்தது என்றாள்.

பக்கத்திலேயே பேஸ்டன் ஊரில் இன்னொரு நடன லிண்டன். அங்கே பழைய மரம் போய்விட்டது, 1950களில் புதிதாக நட்டுப் பழக்கியிருக்கிறார்கள். உடனே ஆட முடியாது என்று தெரிந்தே நட்டிருக்கிறார்கள். ஜெர்மானியர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: லிண்டன் முந்நூறு வருஷம் வரும், முந்நூறு வருஷம் நிற்கும், முந்நூறு வருஷம் போகும்.

தேனடை

நான் ஸ்லோவேனிய எல்லைக்குப் பக்கத்தில், ஆஸ்திரியாவில் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு தேனீப்பெட்டி வைத்திருக்கிறேன். லிண்டன் தேன் கிடைத்தால் ஒரு தடவை நாக்கில் வையுங்கள். முதலில் இனிப்பு, பிறகு புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி.

ஜெர்மனியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் இந்த மரம் இன்னும் ஆழமாகப் போகிறது. ஸ்லாவிய மொழிகளில் லிபா. குரோஷிய மொழியில் ஜூன் மாதத்துக்கே பெயர் லிபான்ய். போலந்தில் ஜூலைக்கு லிபியெட்ஸ். மரம் பூக்கிற மாதம் என்று பொருள். நம்மூரில் மாதத்தை நட்சத்திரம் வைத்துச் சொல்கிறோம், அவர்கள் பூவை வைத்துச் சொல்கிறார்கள். யூரோ வருவதற்கு முன்பு குரோஷியாவில் குனா நாணயம் இருந்தது. நூறு லிபா சேர்ந்தால் ஒரு குனா. சில்லறைக் காசில் மரத்தின் பெயர்! ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தின் பெயரும் லிண்டன் நிற்கும் இடம் என்ற ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். செக் குடியரசுத் தலைவர் கொடியில் லிண்டன் கிளை இருக்கிறது. ஸ்லோவேனியாவில் ஊருக்கு ஒரு லிபா. மலைமேல் சர்னா ஊருக்கு அருகே நாயெவ்ஸ்கா லிபா என்று ஒரு பெருமரம். 1991 விடுதலைக்குப் பிறகு நாட்டின் தலைவர்கள் அதனடியில் கூடிப் பேசும் வழக்கம் வந்தது. நான் போன அன்று கூட்டம் ஒன்றுமில்லை. ஒரு அப்பாவும் மூன்று பிள்ளைகளும் கைகோர்த்து மரத்தைச் சுற்றப் பார்த்தார்கள், பாதிகூட எட்டவில்லை.

வயல்வெளி, உங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்களும் வெட்டச் சொல்கிறார்களா? இங்கே அதுதான் பெரிய சண்டை. கோடையில் இலையில் அசுவினிப் பூச்சி மொய்க்கும், அது கழிக்கிற இனிப்புச் சாறு கீழே நிற்கும் கார் கண்ணாடியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். காரை நகர்த்தி நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. அதற்கு இருநூறு வருஷ மரத்தை வெட்டச் சொல்வதை என்னால் தாங்க முடிவதில்லை. அந்தப் பிசுபிசுப்பையும் தேனீ எடுத்துத் தேனாக்குகிறது.

உளிச்சத்தம்

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிறவன் நான். ஒரே ஒரு கேள்வி. இந்த மரம் செதுக்க வருமா?

வயல்வெளி

வருமாவா! ஐரோப்பாவில் செதுக்குவதற்கென்றே பேர் போன மரம் இதுதான். மென்மை, வரி தெரியாது, எந்தப் பக்கம் உளி போனாலும் பிளக்காது என்கிறார்கள். 'புனித மரம்' என்றே சிற்பிகள் அழைத்தார்கள், தேவாலயச் சிலைகள் அத்தனை இதில் பிறந்ததால். ஜெர்மனியின் ரோட்டன்பர்கில் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய தேவாலயப் பலிபீடம் லிண்டன்தான், 1500ஐ ஒட்டிய வேலை. வண்ணம் பூசவில்லை. தச்சுப்பட்டறை வெளிச்சத்தில் பார்ப்பது போலக் கைவிரல் எலும்புகூடத் தெரியும். போலந்தின் கிராக்கோவில் சிற்பி வைட் ஷ்டோஸ் 1477இலிருந்து 1489 வரை செய்த பெரும் பலிபீடத்தின் உருவங்களும் இதே மரம். நீங்கள் பார்க்க வேண்டும் அண்ணா. அந்த முக்காட்டுத் துணி மடிப்பைப் பார்த்தபோது இதற்கு எத்தனை உளி மாற்றியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

உளிச்சத்தம்

நாங்கள் வாகையிலும் மாவிலங்கையிலும் செய்கிறோம். வரி இல்லாத மரம் என்றால் முகம் செய்யச் சொர்க்கம். வரி கண்ணுக்கும் மூக்குக்கும் குறுக்கே ஓடினால் சாமி முகமே மாறிவிடும். நன்றி தங்கச்சி.

இலைநரம்பு

வயல்வெளி, மரம் 'கூடாகிவிட்டது' என்பதற்காக மட்டும் யாரும் வெட்டச் சம்மதிக்க வேண்டாம். லிண்டனுக்கு ஒரு அபூர்வ குணம். நடுமரம் மக்கிப் பொக்கையானால், மேலிருந்து அந்தப் பொக்கைக்குள்ளேயே புதிய வேர்களை இறக்கும். உள்ளே மக்கிக் கிடக்கும் தன் மரத்தூளையே உரமாக எடுத்துக்கொண்டு அந்த வேர் மண்ணைத் தொட்டுத் தடிக்கும், காலப்போக்கில் உள்ளிருந்து புதிய தண்டாகவே நிற்கும். ஆலம் விழுது வெளியே விடுகிறது, லிண்டன் உள்ளே விடுகிறது. ஆய்வு செய்ய வருபவரிடம் பொக்கைக்குள் விளக்கடித்து இதைப் பார்க்கச் சொல்லுங்கள். பொக்கையை சிமென்ட் போட்டு அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சென்ற நூற்றாண்டில் அப்படி நிறையச் செய்தார்கள். உள்ளே ஈரம் தங்கி இன்னும் வேகமாக அழுகியதுதான் மிச்சம்.

வயல்வெளி

ஐயா சொன்னதை அப்படியே ஜெர்மனில் எழுதி, ஊராட்சிக்கு ஒரு கடிதமும் அறிவிப்புப் பலகையில் ஒரு நகலும் வைத்தேன். பாட்டி தன் கையெழுத்தை முதலில் போட்டார். இரண்டே நாளில் 60க்கு மேல் கையெழுத்து.

ஆனைக்கோட்டையான்

வடிவான வேலை தங்கச்சி. என்ன முடிவு எண்டு கட்டாயம் எழுதுங்கோ. நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறம்.

கரிசல்காடு

அந்த வாட்ஸப் கட்டுரை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று தேடிப் பிடித்து ஆசிரியருக்கு எழுதினேன். மாற்றிவிட்டார்கள். இப்போது 'லிண்டன் மரம்' என்று இருக்கிறது, அடைப்புக்குள் 'பூவரசு, செம்பருத்தி குடும்பம்' என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சந்தேகம், விதை கிடைத்தால் இங்கே வளர்க்கலாமா?

இலைநரம்பு

கோவில்பட்டி வெயிலில் வராது தம்பி. அந்த விதை முளைக்கவே நீண்ட குளிர் வேண்டும். பல விதைகள் முதல் வசந்தத்தில் அசையாமல் கிடந்து இரண்டாவது வசந்தத்தில்தான் கண் திறக்கும். உங்கள் மண்ணுக்குப் பூவரசு போத்து ஒன்றை ஊன்றுங்கள். மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மேடை கட்டும்போது எல்லாரும் உட்காருகிற உயரத்தில் கட்டுங்கள்.

வயல்வெளி

எல்லாரும் கேட்டீர்கள். வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஊரே கொஞ்ச தூரத்தில் மூச்சுவிடாமல் நின்றது. பிறகு முறிந்த கிளையின் காயத்துக்குள் விளக்கடித்தார். என்னையும் ஏணியில் ஏறச் சொன்னார். உள்ளே இருட்டில், ஈரமான பழுப்புத் தூளுக்கு நடுவில், என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர் நேராகக் கீழே இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பட்டை மழமழவென்று உயிராக இருந்தது.

வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைப்பாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இரண்டு கிளைகளைக் கம்பிவடத்தால் பிணைக்க வேண்டும், தெருப்பக்கம் சாய்ந்த ஒரு பெரிய கிளையை மட்டும் காத்திருக்காமல் இறக்க வேண்டும்.

அந்தக் கிளையை இன்று காலை இறக்கினார்கள். பூ விரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கயிறு கட்டி மெதுவாகத் தரையில் வைத்ததும் முதலில் தேனீக்கள் எழும்பிப் போயின. அப்புறம் பாட்டி மடிப்பு நாற்காலியோடு வந்து கிளை ஓரமாக உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கூடை, தலையணை உறை, சல்லடை எது கிடைத்ததோ அதை எடுத்து வந்தார்கள். வண்டிக்காரர் மதியம் வரை காத்திருக்கிறேன் என்றார். மகளுக்குப் பாட்டி காட்டிக் கொடுத்தார்: பூவை மட்டும் கிள்ளாதே, அந்த நாக்கிலையோடு சேர்த்து எடு. நாலு மணி நேரம் பறித்தோம். இப்போது எங்கள் மாடி அறைத் தரை முழுக்கப் பழைய வேட்டி விரித்துப் பூ காய்கிறது, வீடெல்லாம் வாசனை.

ஆனைக்கோட்டையான் அண்ணா, விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். காய்ந்ததும் ஒரு பை உங்களுக்கு.